விறைகவை மலை மிதிவண்டி

விறைகவை மலை மிதிவண்டி என்பது முன்புறத்திலோ பின்புறத்திலோ சுருள்வில், காற்றறை முதலிய அதிர்வு தாங்கும் அமைப்பு ஏதும் இல்லாத மலை மிதிவண்டி வகை ஆகும். இதன் முன் சக்கரம் அசையும் உறுப்புகள் அற்ற ஒரே இரும்பு அல்லது அலுமினியக் கவையில் பொருத்தப்பட்டிருக்கும். அகன்ற டயர், உறுதியான சட்டகம், நேரான கைப்பிடி ஆகியவற்றால் இது மலை மிதிவண்டி இனத்தைச் சேர்ந்தது. எடைக்குறைவாலும் எளிய பராமரிப்பாலும் அன்றாடப் போக்குவரத்துக்கும் ஏற்றது. தார்ச்சாலையும் மண்பாதையும் கலந்து வரும் ஊர்ப்புறங்களில், ஒரே வண்டியைப் பள்ளிக்கும் வேலைக்கும் வயல்வழிக்கும் பயன்படுத்துவோர் இவ்வகையைத் தெரிவு செய்கின்றனர். அரியலூர் மாவட்டத்தின் உடையார்பாளையம் வட்டாரம் இத்தகைய பயன்பாட்டுச் சூழலுக்கு நல்ல எடுத்துக்காட்டு ஆகும்.

## பெயர்

முன் சக்கரத்தை இருபுறமும் பற்றி நிற்கும் உறுப்பு கவை எனப்படும். இது சைக்கிள் கடைகளில் போர்க் என்று வழங்குகிறது. வளையாத, நீண்டு சுருங்காத கவை என்பதால் விறைகவை எனப்படுகிறது. கடைப் பேச்சில் இது "சாதா போர்க்" என்றும், அதிர்வு தாங்கும் கவை "ஷாக் போர்க்" அல்லது சுருக்கமாக "ஷாக்" என்றும் அழைக்கப்படும். முன்புறம் மட்டும் ஷாக் உள்ள வண்டி ஹார்ட்டெயில் என்றும், இருபுறமும் உள்ளது முழு சஸ்பென்ஷன் வண்டி என்றும் வகைப்படுத்தப்படுகின்றன.

## வரலாறு

### தோற்றம்

மலை மிதிவண்டியின் தொடக்கமே விறைகவை வண்டிதான். 1970-களில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், மரின் கவுண்டியைச் சேர்ந்த இளைஞர்கள் 1930, 1940-களில் செய்யப்பட்ட பருமனான டயர் கொண்ட பழைய மிதிவண்டிகளைத் தமல்பாயிஸ் மலைச்சரிவுகளில் ஓட்டினர். 1976-இல் அங்கு ரீபேக் என்ற இறக்கப் பந்தயம் தொடங்கியது. பின்னோக்கி மிதித்தால் நிறுத்தும் அக்கால ஹப்புகள் இறக்கத்தில் சூடேறி, உள்ளிருந்த கிரீஸ் எரிந்து புகைந்துவிடும். ஒவ்வொரு முறையும் புதிதாகக் கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததால் அப்பந்தயம் அப்பெயரைப் பெற்றது.

1977-இல் ஜோ பிரீஸ் இப்பயன்பாட்டுக்கென்றே புதிய சட்டகம் ஒன்றை உருவாக்கினார். 1979-இல் கேரி பிஷர், சார்லி கெல்லி ஆகியோர் டாம் ரிட்சி செய்த சட்டகங்களைக் கொண்டு விற்பனையைத் தொடங்கினர். 1981-இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் ஸ்டம்ப்ஜம்பர் வெளிவந்தபின் மலை மிதிவண்டி பெருமளவு உற்பத்திக்கு வந்தது. இவை அனைத்தும் விறைகவை வண்டிகளே. 1989-இல் ராக்ஷாக்ஸ் நிறுவனத்தின் முதல் அதிர்வு தாங்கும் கவை அறிமுகமான பின்னரே ஷாக் வண்டிகள் பரவின. 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலை மிதிவண்டிப் போட்டி முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது.

### இந்தியாவிலும் தமிழ்நாட்டிலும்

இந்தியாவில் நெடுங்காலம் மிதிவண்டி என்றால் 28 அங்குலச் சக்கரமும் குறுக்குப் பாரும் கொண்ட ரோட்ஸ்டர் வகையையே குறித்தது. சென்னை அம்பத்தூரில் 1949-இல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ், லூதியானாவில் 1956-இல் தொடங்கப்பட்ட ஹீரோ சைக்கிள்ஸ் ஆகியவை இவ்வகையைப் பெருமளவில் தயாரித்தன. 1990-களில் ஹெர்குலிஸ் எம்.டி.பி., ஹீரோ ரேஞ்சர் போன்ற வண்டிகள் 26 அங்குலச் சக்கரம், அகன்ற முள்டயர், நேர் கைப்பிடி ஆகியவற்றுடன் பள்ளி மாணவரிடையே புகழ்பெற்றன. அவற்றுள் பல, வேக மாற்றி இல்லாத விறைகவை வண்டிகள் ஆகும். பின்னர் ஷாக் கவை விற்பனைக்கான ஈர்ப்பாக மாறியதால், குறைந்த விலை வண்டிகளிலும் அது இடம்பெறத் தொடங்கியது.

தமிழகக் கிராமங்களில் மிதிவண்டி விளையாட்டுப் பொருளாக அன்றி வாழ்க்கைக் கருவியாகவே பரவியது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்ட அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு பெண்களுக்கு மிதிவண்டி ஓட்டவும் கற்பித்தது. 2001-02 கல்வியாண்டில் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கெனத் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மிதிவண்டித் திட்டம், 2005-06 முதல் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் மேனிலை வகுப்பு மாணவ மாணவியர் அனைவருக்கும் விரிவாக்கப்பட்டது. இதனால் பல குடும்பங்களில் மிதிவண்டி முதன்முறையாகப் பிள்ளைகளின் சொந்த வாகனமானது.

## அதிர்வைத் தாங்கும் விதம்

விறைகவை வண்டியில் அதிர்வைத் தாங்கும் முதன்மை உறுப்பு டயரில் உள்ள காற்று ஆகும். தரையைத் தொடும் டயர்ப் பரப்பையும் காற்றழுத்தத்தையும் பெருக்கினால், ஏறத்தாழ அச்சக்கரத்தின் மீதுள்ள எடை கிடைக்கும். எடுத்துக்காட்டாக, ஓட்டுநரும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ எனவும், அதில் 60 விழுக்காடு பின் சக்கரத்தில் இறங்குகிறது எனவும் கொண்டால், பின் டயர் தாங்கும் எடை 48 கிலோ. காற்றழுத்தம் சதுர செ.மீ.க்கு 3 கிலோ (சுமார் 43 பி.எஸ்.ஐ.) எனில் தொடுபரப்பு 16 ச.செ.மீ. ஆகும். அழுத்தம் 4.5 கிலோவாக உயர்ந்தால் தொடுபரப்பு 11 ச.செ.மீ. அளவுக்குச் சுருங்கும். எனவே குறைந்த அழுத்தத்தில் டயர் கல்லின் மீது அமிழ்ந்து செல்லும். கூடிய அழுத்தத்தில் கல் மீது துள்ளும். அழுத்தத்தை மிகவும் குறைத்தால் கல்லுக்கும் ரிம்முக்கும் இடையே டியூப் நசுங்கிக் கிழியும். குறுகிய டயர்களில் இந்த இடைவெளி குறைவு என்பதால் அவற்றில் காற்றைக் குறைக்க முடியாது. அகன்ற டயரின் பயன் இங்குதான் உள்ளது.

இரண்டாவது உறுப்பு ஓட்டுநரின் உடல் ஆகும். மேடுபள்ளம் வரும்போது இருக்கையிலிருந்து சற்று எழுந்து, முழங்கையையும் முழங்காலையும் மடக்கித் தளர்வாக வைத்தால் மூட்டுகளே சுருள்வில்லாகச் செயல்படுகின்றன. இரும்புக் கவையின் மெல்லிய வளைவுத்தன்மையும் சிறு அதிர்வுகளை ஓரளவு குறைக்கும்.

## உடையார்பாளையம் வட்டாரச் சூழல்

உடையார்பாளையம் அரியலூர் மாவட்டத்தில் உள்ள பேரூராட்சி ஆகும். திருச்சிராப்பள்ளியையும் சிதம்பரத்தையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 81 இதன் வழியே செல்கிறது. கிழக்கே சுமார் 8 கி.மீ. தொலைவில் செயங்கொண்டமும், சுமார் 20 கி.மீ. தொலைவில் உலகப் பாரம்பரியச் சின்னமான கங்கைகொண்ட சோழபுரமும் உள்ளன. மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் செயங்கொண்டத்தை அரைமணி நேரத்தில் அடையலாம்.

மிதிவண்டித் தெரிவைப் பொறுத்தவரை இவ்வட்டாரத்தின் பின்வரும் இயல்புகள் கருதத்தக்கவை:

* சமநிலம்: நீண்ட ஏற்றங்கள் இல்லை. வேகத்தைக் குறைப்பது பெரும்பாலும் எதிர்க்காற்றே. பெரம்பலூருக்கு மேற்கே பச்சைமலையை அடைந்தபின்னரே மலையேற்றம் எதிர்ப்படும்.
* செம்மண்: முந்திரித் தோப்புகளிடையே செல்லும் செம்மண் பாதைகள் கோடையில் புழுதியாகவும் மணலாகவும் இருக்கும். புழுதி செயினிலும் பேரிங்கிலும் புகுந்து தேய்மானத்தை விரைவுபடுத்தும்.
* கரிசல்: மாவட்டத்தின் மேற்குப் பகுதியிலும் பெரம்பலூர் பக்கமும் காணப்படும் கரிசல் மண், மழையில் டயரில் அப்பிக்கொண்டு மட்கார்டுக்குள் அடைத்து, சக்கரத்தைச் சுழலவிடாமல் நிறுத்திவிடும்.
* முள்: சீமைக்கருவேல முள்ளும் நெருஞ்சி முள்ளும் பஞ்சருக்கு முதன்மைக் காரணங்கள். நெருஞ்சி அமெரிக்க மலை மிதிவண்டி ஓட்டுநர்களையும் வாட்டும் அதே தாவர இனம் ஆகும்.
* மழை: அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். ஈரத்தில் வண்டி நிற்பது நிறுத்தியின் வகையைப் பொறுத்தது.
* சரக்குந்துகள்: மாவட்டத்தில் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்ட் ஆலைகளும் இருப்பதால் சாலைகளில் கனரக வாகனங்கள் மிகுதி. அவை கடக்கும்போது மிதிவண்டி ஓட்டுநர் சாலையை விட்டு மண் ஓரத்தில் இறங்க நேரிடும். தார் விளிம்பிலிருந்து மண்ணுக்கு இறங்கி ஏறும்போது குறுகிய டயர் வழுக்கும். அகன்ற டயர் நிலைகுலையாது.

இக்காரணங்களால் இவ்வட்டாரத்தில் ஷாக் கவையைவிட டயர், நிறுத்தி, ஒளி ஆகிய மூன்றுமே ஓட்டுநரின் பாதுகாப்பைத் தீர்மானிக்கின்றன.

## ஷாக் கவையுடன் ஒப்பீடு

குறைந்த விலை வண்டிகளில் வரும் ஷாக் கவைகளில் பெரும்பாலானவை வெறும் இரும்புச் சுருள்வில்லைக் கொண்டவை. அமுங்கிய வில் திரும்பும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் எண்ணெய்த் தணிப்பு அவற்றில் இருப்பதில்லை. எனவே அவை அதிர்வைக் குறைப்பதற்கு மாறாகச் சில நேரங்களில் வண்டியைத் துள்ளச் செய்கின்றன. எழுந்து நின்று மிதிக்கும்போது கவை மேலும் கீழும் ஆடுவதால் உழைப்பின் ஒரு பகுதி வீணாகிறது. இத்தகைய கவையின் எடை 2 முதல் 3 கிலோ வரை இருக்கும்; இரும்பு விறைகவை ஏறத்தாழ 1 முதல் 1.5 கிலோ இருக்கும்.

இதைவிட முக்கியமானது விலைப் பங்கீடு ஆகும். ஒரே விலையுள்ள இரு வண்டிகளில் ஒன்றில் ஷாக் இருந்தால், அதற்கான செலவு வேறோர் உறுப்பில் குறைக்கப்பட்டிருக்கும். பெரும்பாலும் நிறுத்தி, ஹப், ரிம், டயர் ஆகியவற்றின் தரமே அவ்வாறு குறைகிறது. நாள்தோறும் 15, 20 கி.மீ. செல்லும் ஒருவருக்கு இவ்வுறுப்புகளின் தரமே கூடுதலாகப் பயன்படும்.

| கூறு | விறைகவை | குறைந்த விலை ஷாக் கவை |
|---|---|---|
| எடை | குறைவு | கூடுதல் |
| பராமரிப்பு | ஏறக்குறைய இல்லை | தூசித் தடுப்பான் தேய்தல், துருப்பிடித்தல், ஆட்டம் |
| தார்ச்சாலை | உழைப்பு வீணாவதில்லை | மிதிக்கும்போது ஆடும் |
| புழுதிப் பாதை | பாதிப்பில்லை | உள்ளே புழுதி புகும் |
| கல் நிறைந்த இறக்கம் | கை அதிர்வு மிகுதி | சிறிதளவு நன்மை |
| மட்கார்டு, கூடை பொருத்தல் | எளிது | கடினம் |

தரமான எண்ணெய், காற்று ஷாக் கவைகளுக்கு இக்குறைகள் பொருந்தா. ஆனால் அவற்றின் விலை சாதாரண மிதிவண்டி ஒன்றின் முழு விலையையும் விஞ்சக்கூடும்.

## தெரிவு செய்தல்

### சட்டக அளவு

மலை மிதிவண்டிச் சட்டகங்கள் பொதுவாக 14 முதல் 20 அங்குலம் வரையிலான அளவுகளில் வருகின்றன. சட்டகத்தின் மேல் குழாயைக் காலிடையில் வைத்து நின்றால், குழாய்க்கும் உடலுக்கும் இடையே 5 செ.மீ. அளவுக்காவது இடைவெளி இருக்க வேண்டும். இருக்கையில் அமர்ந்து, கீழ்நிலையில் உள்ள பெடலின் மீது குதிகாலை வைத்தால் முழங்கால் நேராக வேண்டும். அப்போதுதான் பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கையில் முழங்கால் சற்று மடங்கியிருக்கும். வளரும் பிள்ளைக்கெனப் பெரிய வண்டி வாங்கிக் கொடுக்கும் வழக்கம் பரவலாக உள்ளது. தரையில் கால் எட்டாத வண்டியை நெரிசலில் உடனே நிறுத்திக் காலூன்ற இயலாது என்பதால் இது ஆபத்தானது.

### சக்கர அளவு

சக்கரத்தின் உண்மையான அளவு ரிம்மில் டயர் அமரும் இடத்தின் விட்டத்தால் குறிக்கப்படும்.

* 26 அங்குல மலை வண்டி – 559 மி.மீ.
* 27.5 அங்குலம் – 584 மி.மீ.
* 29 அங்குலம் – 622 மி.மீ.
* 28 × 1½ அங்குல ரோட்ஸ்டர் – 635 மி.மீ.

29 அங்குலச் சக்கரம் பள்ளங்களை எளிதில் கடக்கும். எனினும் சிற்றூர்க் கடைகளில் 26 அங்குல டயரும் டியூப்பும் எளிதில் கிடைக்கும். வண்டி நின்றுவிட்டால் அன்றைய வகுப்போ கூலியோ தவறும் நிலையில் உள்ளவருக்கு, பக்கத்துக் கடையில் உதிரிப்பாகம் கிடைக்குமா என்பதே முதல் அளவுகோல் ஆகும். எண்கள் ஒன்றுபோலத் தோன்றினாலும் 28 அங்குல ரோட்ஸ்டர் டயர் 29 அங்குல ரிம்முக்குப் பொருந்தாது.

### டயரும் வால்வும்

தார்ச்சாலையும் மண்பாதையும் கலந்த பயணத்துக்கு 1.75 முதல் 2.1 அங்குலம் வரை அகலமும், நடுவில் தொடர்ச்சியான மேடும், ஓரங்களில் முள்ளும் உள்ள டயர் பொருத்தமானது. முழுவதும் பெரிய முள்ளுள்ள டயர் தார்ச்சாலையில் இரைச்சலிடும், விரைவில் தேயும். காற்றழுத்தம் டயரின் பக்கவாட்டில் பொறிக்கப்பட்ட எல்லைக்குள் இருக்க வேண்டும்.

ரோட்ஸ்டர் வண்டிகளில் "வால்டியூப்" எனப்படும் சிறு ரப்பர்க் குழல் மாட்டிய வால்வு பயன்படுகிறது. பெரும்பாலான மலை மிதிவண்டிகளில் மோட்டார் சைக்கிள்களில் உள்ளது போன்ற வால்வு இருப்பதால் பெட்ரோல் நிலையங்களிலும் காற்றடிக்கலாம். ஆனால் மிதிவண்டி டியூப்பின் கொள்ளளவு சிறியது. அங்குள்ள இயந்திரத்தின் வேகத்தில் சில நொடிகளில் எல்லை மீறி வெடிக்கக்கூடும் என்பதால் சிறிது சிறிதாக அடிக்க வேண்டும்.

### பல்சக்கரமும் வேக மாற்றியும்

26 × 1.95 டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.05 மீட்டர் நகரும். முன்பல்சக்கரத்தில் 42 பற்களும் பின்பல்சக்கரத்தில் 16 பற்களும் இருப்பின், பெடலின் ஒரு சுற்றுக்கு வண்டி 42 ÷ 16 × 2.05 = 5.4 மீட்டர் செல்லும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் வேகம் மணிக்கு 19 கி.மீ. ஆகும். சமநிலத்துக்கு இந்த ஒரே விகிதம் போதுமானது. எதிர்க்காற்று, மணல், பாரம் ஆகியவற்றுக்காகப் பின்புறம் மட்டும் 6 அல்லது 7 வேகங்கள் இருந்தால் நிறைவாகும். முன்புறம் மூன்று, பின்புறம் ஏழு என 21 வேகம் கொண்ட வண்டியில் பல விகிதங்கள் ஒன்றோடொன்று ஏறத்தாழ ஒத்திருப்பதால், பயனுள்ள வேகங்கள் 21-ஐ விடக் குறைவே. வேக எண்ணிக்கை கூடுந்தோறும் சரிபார்க்க வேண்டிய கம்பிகளும் கூடும்.

### நிறுத்தி

ரோட்ஸ்டர் வண்டிகளில் உள்ள குரோமியம் பூசிய இரும்பு ரிம்மில், நனைந்தபின் பிரேக் கட்டை சரிவரப் பற்றுவதில்லை. அலுமினிய ரிம் ஈரத்திலும் ஓரளவு நன்றாகப் பற்றும். எனவே அலுமினிய ரிம்மும் வி-பிரேக்கும் கொண்ட அமைப்பு குறைந்த செலவில் ஏற்புடையது. அதன் கட்டையையும் கம்பியையும் எந்தக் கடையிலும் மாற்றலாம். டிஸ்க் பிரேக் சேற்றிலும் மழையிலும் சிறந்தது. ரிம் கோணினாலும் இயங்கும். எனினும் மிகக் குறைந்த விலை டிஸ்க் அமைப்புகளில் தட்டு கோணி உரசுவது உண்டு.

### துணை உறுப்புகள்

அன்றாடப் பயணத்துக்குக் கேரியர், மட்கார்டு, ஸ்டாண்டு ஆகியவற்றை மாட்டுவதற்கான திருகு துளைகள் சட்டகத்தில் இருப்பது இன்றியமையாதது. கரிசல் நிலத்தில் செல்வோர் டயருக்கும் மட்கார்டுக்கும் இடையே ஒரு விரலுக்கு மேல் இடைவெளி விட வேண்டும். இரவில் செல்வோருக்கு முன்னும் பின்னும் விளக்கு தேவை. மிதிவண்டிகளில் பொருத்தப்படும் எதிரொளிப்பான்களுக்கு இந்திய அரசு 2020-இல் தரக்கட்டுப்பாட்டு ஆணை வெளியிட்டது. பெடல்களில் உள்ள எதிரொளிப்பான்கள் மேலும் கீழும் அசைவதால் பின்வரும் வாகன ஓட்டுநர் மிதிவண்டியை எளிதில் அடையாளம் காண்கிறார்.

## ஷாக் கவையை நீக்கி விறைகவை பொருத்துதல்

பழுதடைந்த ஷாக் கவைக்குப் பதிலாக விறைகவை பொருத்துவது நடைமுறையில் உள்ளது. அப்போது கவையின் நீளத்தைக் கருத வேண்டும். 26 அங்குல வண்டியில் 80 மி.மீ. அமுங்கும் ஷாக் கவை, அச்சிலிருந்து தலைப்பகுதி வரை சுமார் 450 மி.மீ. நீளம் இருக்கும். ஓட்டுநர் அமர்ந்ததும் அது 15 முதல் 20 மி.மீ. அமுங்கும். எனவே சுமார் 430 மி.மீ. நீளமுள்ள விறைகவை பொருத்தமானது. 395 மி.மீ. அளவுள்ள பழைய வகைக் குட்டைக் கவையைப் பொருத்தினால் வண்டியின் முன்பகுதி தாழ்ந்துவிடும். 20 மி.மீ. தாழ்வுக்கு ஏறத்தாழ 1 பாகை வீதம் திருப்பு அச்சின் கோணம் நிமிர்வதால், கைப்பிடி அளவுக்கு மீறிய விரைவோடு திரும்பும். பெடலும் தரையில் இடிக்கக்கூடும். கவைத்தண்டின் விட்டமும் மரை வகையும் பொருந்துகின்றனவா என்பதையும் சரிபார்க்க வேண்டும்.

## பழைய வண்டியில் சரிபார்க்க வேண்டியவை

* கவைத் தலைக்குப் பின்னும், சட்டகத்தின் கீழ்க்குழாய் முன்குழாயோடு இணையும் இடத்திலும் வண்ணப்பூச்சு விரிந்தோ மடிந்தோ இருந்தால், வண்டி மோதலுக்கு உள்ளாகியிருக்கலாம். அத்தகைய கவையைத் தட்டி நிமிர்த்திப் பயன்படுத்துவது ஆபத்தானது.
* சக்கரத்தைச் சுழற்றி ரிம் கோட்டம் பார்த்தல். சிறு கோட்டத்தை ஸ்போக்ஸ் முறுக்கி எடுத்துவிடலாம். ரிம்மில் பள்ளம் விழுந்திருந்தால் மாற்ற வேண்டும்.
* கிராங்கைப் பக்கவாட்டில் அசைத்து ஆட்டம் பார்த்தல்.
* செயின் தேய்மானம். புதிய செயினில் 24 கண்ணி முனைகளின் நீளம் சரியாக 12 அங்குலம். அது 12⅛ அங்குலமாக நீண்டிருந்தால் செயினோடு பல்சக்கரமும் தேய்ந்திருக்கும்.

## பராமரிப்பு

விறைகவைக்கெனத் தனிப் பராமரிப்பு இல்லை. புழுதிப் பாதையில் செல்லும் வண்டியின் செயினைத் துணியால் துடைத்தபின் எண்ணெய் விட்டு, மேலே தங்கும் எண்ணெயையும் துடைத்துவிட வேண்டும். மிகுதியான எண்ணெய் புழுதியை ஈர்த்து அரைக்கும் பசையாக மாறும். மழைக்காலம் முடிந்தபின் ஹப், கிராங்க், முன்குழாய் ஆகியவற்றைக் கழற்றிக் கிரீஸ் மாற்றும் ஓவராயில் பணி, வண்டியின் ஆயுளைப் பெரிதும் நீட்டிக்கும். முள் குத்தியபின் டயரின் உட்புறத்தைத் தடவி எஞ்சிய முள்முனையை நீக்காவிட்டால், ஒட்டிய டியூப் மீண்டும் பஞ்சராகும்.

## வரம்புகள்

விறைகவை வண்டி எல்லாப் பயன்பாட்டுக்கும் ஏற்றதன்று. கற்கள் நிறைந்த இறக்கங்களில் வேகமாகச் செல்வதற்கும், மணிக்கட்டு அல்லது முதுகு வலி உள்ளோருக்கும் தரமான ஷாக் கவை உதவும். நெல் மூட்டை, பால் கேன் போன்ற பாரங்களை ஏற்றுவோருக்கு வலுவான கேரியரும் நீண்ட சட்டகமும் கொண்ட ரோட்ஸ்டரே இன்றும் ஏற்றது. முழுவதும் தார்ச்சாலையில் நெடுந்தொலைவு செல்வோருக்குக் குறுகிய டயர் கொண்ட வண்டிகள் கூடுதல் வேகம் தரும். தார், செம்மண், கரிசல் ஆகிய மூன்றையும் ஒரே நாளில் கடக்க வேண்டிய, ஒரே வண்டி மட்டும் வைத்திருப்போருக்கே விறைகவை மலை மிதிவண்டி சிறப்பாகப் பொருந்துகிறது.

## இவற்றையும் பார்க்க

* மிதிவண்டி
* மலை மிதிவண்டி
* விலையில்லா மிதிவண்டித் திட்டம்
* அறிவொளி இயக்கம்
* உடையார்பாளையம்